இரண்டு இளமண்ணிறங்கள், ஒரு வீடு

முல்லைத்தீவில் அம்மாவின் வீட்டுக்கு இந்த வருடம்தான் உட்சுவர்ப் பூச்சு முடிந்தது. வீட்டுத்திட்டப் பணம் கூரையோடு தீர்ந்துபோக, சுவர்கள் பல வருடங்கள் கல் தெரியவே நின்றன. இப்போதும் பெயின்ற் அடிக்க ஒருதரத்துக்குத்தான் காசு இருக்கிறது. நிறம் பிழைத்தால் திருத்த வழியில்லை.

கடையில் அம்மா இரண்டு நிற அட்டைகளைத் தெரிந்தெடுத்தார். இரண்டும் இளமண்ணிறம். "ரெண்டும் ஒண்டுதானே" என்றார் கடைக்காரர். வெள்ளைத்தாளின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் வேறுபாடு பிடிபட்டது. ஒன்றில் மஞ்சள் சாயல், மற்றதில் இளஞ்சிவப்புச் சாயல். சிறிய அட்டையில் ஒளிந்திருக்கும் இந்தச் சாயல் நான்கு சுவரிலும் பரவும்போது வெளியே வந்துவிடும். ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் தெறித்து இன்னும் கூடும்.

வெளியிலிருந்து வரும் வெளிச்சமும் நிறத்தை மாற்றும். எங்கள் முற்றம் செம்மண். அதில் பட்ட வெயில் வாசலால் உள்ளே தெறித்தால், இளஞ்சிவப்புச் சாயல் செங்கல் நிறத்தை நெருங்கிவிடும். இதை விளங்கப்படுத்த நான் சொல் தேட, அம்மா முந்திக்கொண்டார்: "மீளக்குடியேறி வந்து நீலத் தறப்பாளுக்குள்ள இருக்கேக்க சோறும் நீலமாத்தானே தெரிஞ்சது." அதேதான்.

இரவில் மின்குமிழ் தீர்மானிக்கும். 6500 கெல்வின் வெள்ளைக் குமிழின் கீழ் இளமண்ணிறம் வெளிறித் தெரியும். 3000 கெல்வின் மஞ்சள் குமிழ் அதன் சூட்டைக் கூட்டும்.

சில அட்டைகளின் பின்புறம் எல்.ஆர்.வி. என ஓர் எண் இருக்கும். நிறம் எவ்வளவு ஒளியைத் தெறிக்கிறது என்பதற்கான அளவு அது. 0 முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை. யன்னல் குறைந்த அறைக்கு எண் கூடிய நிறமே நல்லது.

வாளிக் கணக்கில் வாங்க முன்னர், இரண்டிலும் மிகச் சிறிய பேணி வாங்குங்கள். பெரிய வெள்ளை மட்டைகளில், ஓரத்தில் வெள்ளை விட்டு, இரண்டு தரம் பூசுங்கள். ஈரத்தில் தீர்மானிக்க வேண்டாம்; எமல்ஷன் காய்ந்தபின் பெரும்பாலும் சற்றுக் கடுமையாகும். மட்டையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துக் காலை, மதியம், இரவு பாருங்கள். புதிய சீமெந்துப் பூச்சு காய ஒரு மாதமாவது விடுங்கள். இல்லையேல் அதன் காரம் நிறத்தைத் திட்டுத்திட்டாகக் கெடுக்கும்.

அம்மா மட்டைகளை மூன்று நாள் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கடைசியில் மஞ்சள் சாயலைத் தெரிந்தார். கடையில் அவருக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது மற்றது.