முப்பது வருடக் கடனும் இரண்டு நாள் மும்பையும்

புனேயில் குடியிருக்கும் நம்மவர்களிடம் "மும்பை பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "பார்க்காமல் என்ன? எத்தனையோ தடவை போயிருக்கிறோமே!" என்பார்கள். சற்றுத் துருவினால் உண்மை வெளியே வரும். ஊருக்குப் போகும்போது தாதரில் ரயில் மாறியது, யாருக்கோ துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தது, மகனை இன்டர்வியூவுக்கு அழைத்துப் போனது, இவ்வளவுதான். 192 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஊரைப் பெட்டி படுக்கையோடு பிளாட்பாரத்தில் நின்று பார்த்தவர்கள் நாம்.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். பொன்மலையில் வளர்ந்து, டிப்ளமோ முடித்த கையோடு மகாராஷ்டிரத்துக்கு வந்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் 38 வருடம் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். 1988 முதல் ஆறு வருடம் லோனாவாலாவில் குவார்ட்டர்ஸ். அப்போது ஒரு நாள் என் மனைவி, "ஏங்க, ஒரு தடவை பம்பாய்க்குச் சும்மா போய் சுத்திட்டு வரலாமா? எந்த வேலையும் இல்லாம?" என்று கேட்டாள். "அதுக்கென்ன, போகலாம்" என்றேன். பாஸ் இருந்தபோது லீவு இல்லை. லீவு கிடைத்தபோது பையனுக்குப் பரீட்சை. அந்த "போகலாம்" முப்பது வருடத்துக்கு மேல் வட்டி ஏறிக்கொண்டு கிடந்தது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு வழியாகக் கடனை அடைக்கக் கிளம்பினோம். ஓய்வுக்குப் பின் கிடைக்கும் பாஸை ஊர்ப் பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, டிக்கெட் எடுத்தே போவதென்று முடிவு. இரண்டு நாள், இரண்டு பேர், மொத்தம் ஐயாயிரம் ரூபாய். என் கையெழுத்தில் எஸ்டிமேட் தயார். "ரோடு போடப் போறீங்களா, ஊரு சுத்தப் போறீங்களா?" என்று மனைவி கேட்டதை நான் பொருட்படுத்தவில்லை.

ரயிலில்தான் முதல் மிச்சம்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பும் சிங்ககட் எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்பு இருக்கை. முன்பதிவோடு தலைக்கு நூறு ரூபாயைச் சற்றே தாண்டும். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டும், காரில் போக ஆகும் சுங்கக் கட்டணத்தையும் பெட்ரோலையும் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. லோனாவாலா தாண்டி ஜன்னல் ஓரம் கிடைத்தால் போர்காட் மலைப் பள்ளத்தாக்கு இலவசக் காட்சி. 1863-இல் திறந்த பாதை இது. 37 அடி போனால் ஓர் அடி சரிவு. எதிர்த்திசையில் ஏறும் வண்டிகளைக் கர்ஜத்தில் பின்னால் என்ஜின் மாட்டித் தள்ளிவிடும் வழக்கம் அதனால்தான் வந்தது. குழந்தைகளோடு போகிறவர்கள் சுரங்கங்களை எண்ணச் சொல்லுங்கள். இருபத்தைந்தைத் தாண்டும். நான் எண்ணத் தேவையில்லை. ஒவ்வொன்றும் எனக்கு நடந்து பார்த்த இடம்.

பத்து மணிக்குச் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். பழையவர்களுக்கு வி.டி. ஸ்டீவன்ஸ் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு. 1878-இல் தொடங்கிப் பத்து வருடத்தில் முடித்தார்கள். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. எதிரே சாலையைக் கடந்து நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். அன்றுவரை நாங்கள் பார்த்ததெல்லாம் உள்ளே இருக்கும் அறிவிப்புப் பலகையைத்தான்.

எஸ்டிமேட் தவறிய இடம்

அங்கிருந்து கேட்வே ஆஃப் இந்தியா இரண்டரை கிலோமீட்டர். "நடந்தால் ஊரைப் பார்த்தாற்போல ஆகும்" என்றேன். தோள்பை ஒன்றுதான் சுமை. ஃபுளோரா ஃபவுண்டன், காலாகோடா வழியாக நடந்தோம். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பி, 1924-இல் முடித்த வளைவு அது. 1948 பிப்ரவரியில் கடைசி ஆங்கிலேயத் துருப்புகள் அதன் வழியாகவே கப்பலேறின. வரவேற்க ஆரம்பித்து வழியனுப்பி முடித்த வாசல்! எலிபெண்டா படகுக்கு அரை நாள் வேண்டுமென்பதால் அடுத்த முறைக்கு வைத்தோம். (திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. நீளமான வார விடுமுறையில் போகிறவர்கள் கவனிக்க.) கொண்டுபோன புளிசாதத்தை ஒரு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி நடை. ஓவல் மைதானத்தைக் கடந்து மெரின் டிரைவ்.

கடலோரச் சுவரில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. வழியில் இரண்டு தடவை மெதுவாக நடந்தபோது, கட்டடங்களைப் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க காசைப் பாத்து நடந்தீங்க. நான் கடலைப் பாக்க நடந்தேன். நின்னுட்டா, சரி ஊருக்கே போகலாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

முப்பது வருடம் தள்ளிப்போட்டவனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பாள்? மும்பையில் மீட்டர் டாக்சிக்கு 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்த கட்டணம் 31 ரூபாய், முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு. இரண்டு நடைக்கும் சேர்த்து நான் மிச்சம் பிடித்தது நூறு ரூபாய் சொச்சம். அதற்காகப் பயணத்தையே கெடுத்துக்கொள்ள இருந்தேன். பாலத்தில் சிமென்டைக் குறைத்து மிச்சம் காட்டும் கான்டிராக்டரை எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

அன்று அதற்கு மேல் எங்கும் போகவில்லை. அதுவே நல்லதாயிற்று. மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் 2018-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற பழைய அடுக்குமாடி வரிசை. எதிரே கடல். இருட்டியதும் வளைந்த கரை முழுக்க விளக்குகள். 'ராணியின் கழுத்தாரம்' என்று பெயர் வைத்தவன் ரசிகன். இதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை

இரவு தாதரில் சாதாரண லாட்ஜ், 1,900 ரூபாய். வலிக்குத் தைலம். மறுநாள் காலை மாட்டுங்காவுக்கு மறுபேச்சில்லாமல் டாக்சி. இங்கே ஓர் எச்சரிக்கை. ஞாயிறு பகலில் லோக்கல் பாதைகளில் பராமரிப்புக்காக மெகா பிளாக் எடுப்பார்கள். மாட்டுங்கா–முலுண்ட் பகுதியில் அடிக்கடி வரும். சில நிலையங்களில் வண்டியே நிற்காது. முதல் நாளே அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் தண்டவாளத்தில் நிற்கும் ஆட்களைத் திட்டாதீர்கள். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நம்ம ஊர் வாசனை. மல்லிகைச் சரம், வாழை இலை, முருங்கைக்காய். 1940-லிருந்து நடக்கும் கஃபே மெட்ராஸ் வாசலில் ஞாயிறு கூட்டம் பெரிது. ஏழரைக்குள் போனால் காத்திருப்பு குறைவு. பிறகு தாதருக்குத் திரும்பி, ஐந்து ரூபாய் டிக்கெட்டில் மும்பை சென்ட்ரல். ஸ்டேஷனுக்கு எதிரில் மராத்தா மந்திர் தியேட்டர். 1995 அக்டோபரில் வெளியான ஷாருக்கான், காஜோல் படத்தைக் கொரோனா காலம் தவிர்த்து இன்றுவரை பகல் காட்சியாக ஓட்டுகிறார்கள். இருவருக்கும் சேர்த்து நூறு ரூபாய் தாண்டவில்லை. கடைசியில் கதாநாயகி ஓடும் ரயிலைத் துரத்தி ஏறும் காட்சியில் தியேட்டரே விசில் அடித்தது. "ஓடுற வண்டியில ஏறக் கூடாது" என்று நான் முணுமுணுத்ததற்கு மனைவி என் கையைக் கிள்ளினாள்.

திரும்பி வந்த வண்டி

திரும்புவதற்கு டெக்கான் குயீன், மாலை 5.10. 1930 ஜூன் 1-ஆம் தேதி தொடங்கிய வண்டி. மேஜையில் உட்கார்ந்து சாப்பிட டைனிங் கார் உண்டு. எஸ்டிமேட்டில் அது இல்லை. "வா" என்று நானே அழைத்துப் போனேன். சீஸ் டோஸ்டும் டீயும் வந்தன. ஏழரை மணியை ஒட்டி வண்டி லோனாவாலாவில் நின்றது. ஜன்னலோடு முகத்தை ஒட்டி, எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் இருந்த திசையைத் தேடினாள்.

"தினம் இந்த நேரத்துக்கு வாசல்ல நிப்பேன், தெரியுமா?"

"டைனிங் கார் பாக்கவா?"

"அதுவுந்தான். ஆனா மழைக் காலத்துல, காட்ல பாறை விழும்னு நீங்க ராத்திரி பகலா லைன்ல கிடப்பீங்க. போன் ஏது? இந்த வண்டி வெளிச்சத்தோட மேல ஏறி வந்துட்டா, லைன் நல்லா இருக்குன்னு அர்த்தம். நீங்களும் வீட்டுக்கு வந்துடுவீங்கன்னு அர்த்தம். அப்பதான் உலை வைப்பேன்."

ஆறு வருடம் அந்த வண்டிக்காகப் பாதையைக் காத்தவன் நான். அதே வண்டியை வைத்து என்னைக் காத்துக் கொண்டிருந்தவளை எனக்குத் தெரியாமலே போயிருக்கும், இந்த இரண்டு நாள் இல்லாவிட்டால். டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. இன்னொன்று சொன்னேன்.

மொத்தச் செலவு 5,340 ரூபாய். எஸ்டிமேட்டைவிட 340 அதிகம். அதற்கு நானே ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

அன்பர்களே, சிக்கனத்தை ரயில் டிக்கெட்டில் காட்டுங்கள், தங்கும் அறையில் காட்டுங்கள், கட்டுச்சோற்றில் காட்டுங்கள். கூட வருகிறவரின் காலில் காட்டாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு "போகலாம்" பாக்கி இருக்கும். வரும் சனிக்கிழமைக்கே டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள்.