கெட்டியான மெத்தை வாங்கப் போகிறீர்களா? முதலில் உள்ளே இருப்பதைக் கேளுங்கள்!



பகல் முழுக்கக் கூடை சுமந்த முதுகும், பால் வாளி தூக்கிய தோளும் இரவில் கேட்பது ஒன்றுதான்: குழி விழாத படுக்கை. தீபாவளி முற்பணமோ பெருநாள் காசோ கைக்கு வந்ததும் பலர் தவணைக்கு மெத்தை எடுக்கிறார்கள். கடையில் கல்லு மாதிரி இருந்த மெத்தை ஒரு வருஷத்தில் நடுவில் பள்ளமாகி விடுகிறது. தவணை மட்டும் முடிந்தபாடில்லை.

எனக்கும் இது நடந்தது. பள்ளமான மெத்தையைக் கல்முனையில் மெத்தை தைக்கும் ஒரு காக்காவிடம் கொண்டு போனேன். அவர் தையலைப் பிரித்துக் காட்டினார். மேலே மெல்லிய தும்புத் தட்டு ஒன்று. மற்றதெல்லாம் லேசான ஸ்பொஞ். "தம்பி, கெட்டி வேற, நிண்டு பிடிக்கிறது வேற. கையால அமத்திப் பாத்து வாங்கினா இப்பிடித்தான்" என்றார். அன்று அவரிடம் கேட்டதையும், பிறகு படித்துத் தெரிந்து கொண்டதையும் இங்கே தருகிறேன்.

தும்பு

முற்றிய தேங்காய் மட்டையிலிருந்து எடுப்பது. நீளத் தும்பு தூரிகைக்கும் தும்புத்தடிக்கும் போகும். குட்டைத் தும்புக்கு ஏற்றுமதி வியாபாரத்தில் பெயரே 'மெத்தைத் தும்பு'தான். மரத்துக்குக் கெட்டித்தன்மை கொடுக்கும் லிக்னின் என்ற பொருள் இதில் அதிகம். அதனால் மற்ற நார்களைப் போல ஈரத்தில் சீக்கிரம் உக்கிப் போகாது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது போன்ற உப்புக் காற்று அடிக்கும் கரைக்கும், பனி இறங்கும் மலைக்கும் ஏற்றது.

ஆனால் சும்மா அடைத்த தும்பு நாளடைவில் ஓரத்துக்கு ஒதுங்கும், தூளாகும். இதற்கு வழி, தும்பை முறுக்கிச் சுருள வைத்து, அதன் மேல் றப்பர் பால் தெளித்து, சூட்டில் அழுத்தித் தட்டாக்குவது. தென்னந்தோப்பின் தும்பும் நம் தோட்டத்துப் பாலும் சேர்ந்த மெத்தை இது. மிகக் கெட்டியான மெத்தை வேண்டுவோருக்கு, விலைக்கும் உழைப்புக்கும் பொருந்தியது இதுவே. பால் குறைவாகத் தெளித்த தட்டும் கடையில் உண்டு. வெட்டிய ஓரத்தை விரலால் இழுத்துப் பாருங்கள். நார் கொத்தாக வந்து தூள் கொட்டினால் வேண்டாம்.

றப்பர் நுரை

1876இல் ஹேனரத்கொடையில் நட்ட கன்றுகளோடு இந்நாட்டுக்கு வந்த மரத்தின் பாலை நுரைக்க வைத்துச் செய்வது. அமுக்கினால் திரும்ப எழும்பும் குணம் இதற்கு நிறைய உண்டு. பல வருஷம் பள்ளமாகாது. விலைதான் கூட.

ஸ்பொஞ்

எல்லா ஸ்பொஞ்சும் மோசமல்ல. பார்க்க வேண்டியது அதன் பாரம். கொழுந்து நிறுக்கும் தராசு நமக்குப் புதிதா என்ன? 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குலத் தடிப்புள்ள ஸ்பொஞ் 6 கன அடி. மட்டமான ரகம் 3 கிலோவுக்கும் குறைவாக இருக்கும். நல்ல ரகம் 5 கிலோவைத் தாண்டும். அதே அளவு றப்பர் தும்புத் தட்டு அதைவிட இரண்டு மடங்குக்கும் கூடப் பாரமாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்புத் தூள் கலந்தும் ஸ்பொஞ்சைப் பாரமாகவும் கெட்டியாகவும் ஆக்கலாம். அது சீக்கிரம் நொறுங்கும். விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் வருகிறதா என்று பாருங்கள்.

இலவம் பஞ்சு

குளிர்ச்சியானது, தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் கட்டி பிடிக்கும், அமுங்கினால் எழும்பாது. அடிக்கடி பிரித்து உதறித் தைக்க வேண்டும். தலையணைக்கு நல்லது, கெட்டி மெத்தைக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

மேல் துணி

நெருக்கமாக நெய்த தடித்த பருத்தித் துணியே நல்லது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரியக் கூடாது. மேலிருந்து கீழ் வரை நூல் கோத்து இறுக்கிய முடிச்சுகள் இருந்தால் உள்ளே இருப்பது நகராது.

எவ்வளவு கெட்டி வேண்டும்?

"நாரி நோவுக்குப் பலகையில படு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2003இல் ஸ்பெயினில், நாட்பட்ட நாரி நோவுள்ள 313 பேரை வைத்து நடத்திய ஆய்வு வேறு சொன்னது. 90 நாள்களுக்குப் பிறகு, மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே அதிகக் குணம் தெரிந்தது. ஆகவே அடியில் கெட்டியான தும்புத் தட்டு 4 அங்குலம், மேலே ஒரு அங்குலம் றப்பர் நுரை. அதற்கு வசதியில்லாவிட்டால் தும்புத் தட்டின் மேல் தடித்த போர்வையை மடித்து விரித்தாலும் போதும். நோவு காலுக்கு இறங்கினாலோ, கால் விறைத்தாலோ மெத்தையை மாற்றிப் பார்த்துக் கொண்டிருக்காமல் டொக்டரிடம் போங்கள்.

கைக்குழந்தைக்கு மட்டும் கெட்டியான, மட்டமான படுக்கைதான் வேண்டும். தலையணை வைக்காமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மெதுமெத்தையில் முகம் புதைந்தால் மூச்சு முட்டும்.

வெயிலில் போடலாமா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறோம். இலவம் பஞ்சையும் வெறும் தும்பையும் நன்றாக வெயிலில் காய வைக்கலாம். றப்பர் சேர்ந்த மெத்தையை நேர் வெயிலில் போட்டால் றப்பர் வெடித்து நொறுங்கிப் போகும். அதை நிழலில், காற்றோட்டமாக நிமிர்த்தி வையுங்கள். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை மழை. அதற்கு முன்பே காய வைத்து விடுங்கள். சீமெந்துத் தரையில் மெத்தையை நேராகப் போடாதீர்கள். அடியில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். இடைவெளி விட்ட பலகையோ, அதுவும் இல்லையென்றால் ஒரு பன்பாயோ அடியில் இருக்கட்டும். பாயைத் தினமும் எடுத்து உதறிக் காய வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாக்கிப் போட்டால் ஒரே இடம் தேயாது.

கடையில் மறக்காமல் கேட்க வேண்டியவை:

1. உள்ளே என்ன, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம்?
2. மொத்தம் எத்தனை கிலோ?
3. ஓரத்தைப் பிரித்துக் காட்டுவீர்களா?
4. பள்ளம் விழுந்தால் எத்தனை வருஷ உத்தரவாதம்? பற்றுச்சீட்டில் எழுதித் தருவீர்களா?

காட்ட மறுக்கும் கடையில் தவணைக் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். வியர்வை சிந்திச் சேர்த்த காசு. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது நமது உரிமை.