பிக்கப் வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி

கொள்ளேகாலம், அனூர் வழியாக மாதேசுவர மலைப் பக்கம் செல்வோர் அறிந்த ஊர் மார்டள்ளி. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரை கொள்ளேகால வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது; 1997இல் சாமராசநகர் தனி மாவட்டமானபோது அதன் பகுதியாயிற்று. மார்டள்ளியில் இன்றும் பலருக்குத் தமிழே வீட்டுமொழி. இத்தகைய மலைப்புற ஊர்களில் விளைபொருள் சந்தைக்குப் போவது பெரும்பாலும் சிறு சரக்கு வண்டியில். மக்கள் அதனைப் பிக்கப் என்றே வழங்குகின்றனர். அவ்வண்டி நின்றுவிட்டால் ஒரு நாள் வாடகை போயிற்று என்பதோடு முடிவதில்லை. பறித்த காய்கறி காத்திராது. வங்கித் தவணையும் காத்திராது.

வண்டி நிற்பதற்கு இந்நாளில் புதியதொரு காரணம் கூறப்படுகிறது. ‘பி.சி.எம். போய்விட்டது, மாற்றவேண்டும்’ என்கிறார் பழுது பார்ப்பவர். மாற்றுவதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதும் உடன் வருகிறது. அந்தப் பொருள் யாது, அது உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று எப்படி அறிவது, மாற்றும்போது என்ன நடைபெறவேண்டும் என்பவற்றை இங்கே காண்போம்.

பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்பதன் சுருக்கமே பி.சி.எம். இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘உடற்கட்டுப்பாட்டு அலகு’ என்றால் மருத்துவமனைப் பொருள் போலத் தோன்றும். ஆதலின் கட்டுப்பாட்டுப் பெட்டி என்றே அழைப்போம். இங்கே பாடி என்பது எஞ்சின் நீங்கலான வண்டிக்கூட்டைக் குறிப்பது. விளக்கு, துடைப்பான், ஒலிப்பான், கதவுப் பூட்டு, கண்ணாடி ஏற்றி ஆகியவற்றை ஆள்வது இப்பெட்டியின் வேலை. சில வண்டிகளில் சாவியை அடையாளங்கண்டு எஞ்சினுக்கு அனுமதி தருவதும் இதுவே.

பழைய வண்டியில் விளக்குச் சுவிட்சைத் திருப்பினால் மின்னோட்டம் அச்சுவிட்சின் வழியாகவோ ஒரு ரிலேயின் வழியாகவோ விளக்கை அடையும். கம்பியைத் தொடர்ந்து சென்றால் பழுதைக் கண்டுவிடலாம். இப்பெட்டி உள்ள வண்டியில் சுவிட்ச் ஒரு விண்ணப்பத்தை மட்டுமே அனுப்புகிறது. பெட்டி அதனைப் படித்து, தன்னுள் இருக்கும் டிரான்சிஸ்டர் வழியாகவோ ரிலேயைத் தூண்டியோ விளக்கிற்கு மின்சாரம் விடுகிறது. பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்வது முறுக்கிய இரு கம்பிகளின் வழியே. ‘கேன்’ என்னும் இம்முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்டது. கம்பிகள் குறைந்தன, எடை குறைந்தது. ஆனால் கம்பியைத் தொடர்ந்து சென்று பழுதறியும் நம் ஊர்க் கைத்திறனுக்கு ஒரு திரை விழுந்தது. இரு பக்கத்துக்கும் நியாயம் உண்டு என்பதே நம் கருத்து.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். விளக்கு எரியாமையும் துடைப்பான் தானே ஓடுவதும் பெட்டியின் குற்றமாகத் தோன்றினும், குற்றம் பல வேளைகளில் அதற்கு வெளியே இருக்கும். முதலில் ஐயுறவேண்டியது பாட்டரி. ஓய்வில் நன்னிலையிலுள்ள பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடுகையில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை நிற்கவேண்டும். இதனினும் மிகத் தாழ்ந்தால் பெட்டி குழம்பும். மிக உயர்ந்தால் கெட்டே போகும். அடுத்தது எர்த் எனப்படும் தரைத்தொடர்பு. வண்டிக்கூட்டில் திருகப்பட்ட அக்கம்பி துருப்பிடித்திருந்தால் ஒரு விளக்கைப் போட மற்றொன்று மினுக்கும். பெட்டியின் தரைமுனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே, விளக்குகள் எரியும் நிலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் வேண்டுவது உப்புத்தாளும் திருப்புளியுமே. புதிய பெட்டி அன்று. பலர் தொடாமல் விடுவதும் இச்சோதனையையே.

பிறகு பியூஸ்கள், இணைப்பு முனைகளில் படியும் பச்சைக் களிம்பு, எலி கடித்த கம்பி. தோட்டத்து ஓரத்தில் இரவு நிறுத்தும் வண்டியில் எலியின் வேலையை நகைப்புக்குரியதாகக் கருதுதல் கூடாது. கேன் கம்பிகளின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பாட்டரியைக் கழற்றிவிட்டு இரு கம்பிகளுக்கிடையே அளந்தால் 60 ஓம் அளவில் வரவேண்டும். 120 வந்தால் எங்கோ ஒரு முனை அறுந்தது என்று பொருள்.

பெட்டி மெய்யாகவே கெடுவதும் உண்டு. கண்ணாடி ஓரத்திலிருந்து கசியும் நீர் கம்பிக் கற்றையைப் பற்றிக்கொண்டு பெட்டிக்குள் இறங்கும். மற்றொரு வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கிளப்புகையில் முனைகளை மாற்றி இணைத்தாலும் கெடும். கூடுதல் விளக்கும் ஒலிப்பானும் பொருத்தக் கிடைத்த கம்பியைக் கிள்ளி இணைப்பது இன்னொரு காரணம். நம் ஊர்களில் அதிகம் கவனியாதது ஒன்றுண்டு: சரக்கு ஏற்றக் கம்பிக்கூண்டு கட்டும்போது பாட்டரியைக் கழற்றாமலே வெல்டிங் வைப்பது. அவ்வளவு மின்னோட்டமும் வண்டிக்கூட்டின் வழியே பாய்கிறது. இரும்புக்கு ஒன்றும் நேராது, பெட்டி அதனைத் தாங்காது.

மாற்றுவது என்று முடிவானால், பழைய பெட்டி பேசக்கூடிய நிலையிலிருப்பின் அதிலுள்ள அமைப்பு விவரங்களைக் கருவியால் முதலில் படித்து வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, உற்பத்தியாளர் கூறும் நேரம் காத்திருந்து, பூட்டை விடுவித்து இணைப்பிகளை எடுக்கவேண்டும். கம்பியைப் பிடித்து இழுத்தல் ஆகாது. புதியதைப் பொருத்துவது சில நிமிட வேலை. ஆனால் பொருத்திய பெட்டி இன்னும் வெற்றுப் பலகை. அது எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வண்டிக்கு எவ்வகை விளக்குகள், எவ்வகைப் பூட்டு என்பவற்றை எழுதவேண்டும். 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட வண்டி அடையாள எண்ணையும், தேவைப்படின் சாவிகளையும் பதிவு செய்யவேண்டும். எழுதும்போது பாட்டரி தளர்ந்துவிட்டால் பெட்டி பாதியில் நின்று பயனற்றுப் போகக்கூடும். ஆகவே சார்ஜரை இணைத்தே இவ்வேலையைச் செய்வார்கள். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்த பெட்டி வேறொரு வண்டியின் எண்ணைச் சுமந்து வருவது. சில வகைகளில் அதனை அழித்து எழுதவே இயலாது.

இங்கேதான் தொலைவூர்களின் இடர் தெரிகிறது. எழுதும் கருவியும் அனுமதியும் பெரும்பாலும் நிறுவனத்தின் பணிமனையிலேயே உள்ளன. உதிரிப்பொருளையும் சோதனைக் கருவியையும் வெளிப் பழுதுபார்ப்போருக்கு மறுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவை மேல்முறையீடு செய்தன. 2022 ஜூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. அதில் மோட்டார் வாகனங்களும் வேளாண் கருவிகளும் இடம்பெற்றன. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கென இணையவாயில் ஒன்றும் திறக்கப்பட்டது. ஆயினும் மலைப்புறத்து மெக்கானிக்கின் கைக்குக் கருவி வந்து சேர்வது வேறு, தலைநகரில் வாயில் திறப்பது வேறு.

அதுவரை வண்டி உரிமையாளர் கேட்கவேண்டியவை சில. பணம் கொடுக்குமுன், பாட்டரியும் தரைத்தொடர்பும் அளக்கப்பட்டனவா, என்ன அளவு வந்தது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். கழற்றிய பெட்டியையும் கேட்டு வாங்கலாம். வேலை முடிந்ததும் முன்விளக்கு, பின்விளக்கு, திருப்பக்குறி, துடைப்பான், ஒலிப்பான், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் பணிமனை வாசலிலேயே ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கவேண்டும். சாவி பதிவு செய்வதாயின் வீட்டில் வைத்திருக்கும் இரண்டாம் சாவியையும் உடன் கொண்டுபோவது நலம். பல வண்டிகளில் அப்போது காட்டப்படாத சாவியைப் புதிய பெட்டி ஏற்பதில்லை.