மண்ணை மறந்த குடும்பம்

அன்னாசிக்கு உறவுக்காரச் செடிகள் 3,600க்கும் அதிகம். ஒன்றே ஒன்றைத் தவிர அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களின் சொத்து. மரத்தின் மேல் குடியேறியதால் பெருகியவை, இப்போது மரங்களோடு சேர்ந்து சாய்கின்றன.

வங்காளிக்கு ஆனாரஸ், இந்திக்காரருக்கு அனன்னாஸ், தமிழருக்கு அன்னாசி. பெயரே பழத்தின் பயணத்தைச் சொல்லிவிடும். தென் அமெரிக்கப் பழங்குடிகளின் சொல் அது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் பழத்தையும் பெயரையும் சேர்த்தே இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். இன்று அது நம்ம ஊர்ப் பழம். ஆனால் அன்னாசி பிறந்த குடும்பம் நமக்கு அநேகமாகத் தெரியாது.

தாவரவியலாளர்கள் புரோமிலியாட் என்று அழைக்கும் குடும்பம் அது. அதில் என்ன இல்லை? பெரு, பொலிவியா மலைகளில் 3,000 மீட்டருக்கு மேல் வளரும் பூயா ரைமாண்டி, பத்து மீட்டர் உயரத்துக்குப் பூந்தண்டு எழுப்பும். பல பத்தாண்டுகள் காத்திருந்து ஒரே ஒரு முறை பூத்துவிட்டுச் செத்துப்போகும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஓக் மரக் கிளைகளில் சாம்பல் நிறத் தாடிபோலத் தொங்கும் 'ஸ்பானிஷ் பாசி'யும் இதே குடும்பம்தான். அது ஸ்பெயின் நாட்டுச் செடியும் அல்ல, பாசியும் அல்ல. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், மழையே அறியாத மணல்மேடுகளில், கடலிலிருந்து வரும் மூடுபனியை மட்டும் குடித்து வாழும் இனங்களும் உண்டு.

இத்தனை வகைகள் எப்படி வந்தன? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிவ்னிஷ் தலைமையிலான குழு, 2011-இல் மரபணுக்களை ஒப்பிட்டு இந்தக் குடும்பத்தின் வரலாற்றை வரைந்தது. வெனிசுலா, கயானா பகுதியின் பழைய மணற்பாறை மலைகளில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் குடும்பம் தோன்றியது. ஆனால் இன்றுள்ள கிளைகள் பிரியத் தொடங்கியது ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பிறகு ஆண்டிஸ் மலைத்தொடரிலும் பிரேசிலின் கிழக்குக் கரையிலும் மளமளவென்று பெருகின.

திருப்புமுனை, மண்ணை விட்டதுதான். மழைக்காட்டின் தரையில் வெளிச்சம் குறைவு, போட்டி அதிகம். மேலே கிளையில் வெளிச்சம் உண்டு, தண்ணீர்தான் நிற்காது. புரோமிலியாட்களில் பல இதற்கு மூன்று வழிகளைக் கண்டன. இலைகளை அடுக்கிக் கிண்ணம்போலாக்கி மழைநீரைத் தேக்கின. பெரிய செடிகளில் பல லிட்டர் நிற்கும். இலைமேல் உள்ள நுண்ணிய செதில்களால் நீரையும் சத்தையும் நேராக உறிஞ்சின. வேர் கிளையைப் பற்றிக்கொள்ள மட்டுமே. பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமித்து, ஈரம் வீணாகாமல் பார்த்துக்கொண்டன. இவை புல்லுருவிகள் அல்ல. மரத்திடம் இடம் மட்டுமே கேட்கும், சாற்றைத் திருடுவதில்லை.

இலைக்கிண்ணத்தின் நீர் மற்றவர்களுக்கும் வீடு. கோஸ்டாரிகாவின் கிளோடோமிரோ பிக்காடோ 1913-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் குட்டிக் குளங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட உயிரினங்களைக் காட்டியது. ஜமைக்காவில் ஒரு நண்டு தன் குஞ்சுகளை இதற்குள்ளேயே வளர்க்கிறது. தாய் நண்டு விழுந்த இலைகளை வெளியே அள்ளிப்போடும். குஞ்சுகளுக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்க நத்தை ஓடுகளைத் தேடி வந்து தண்ணீரில் போடும்.

ஆனால் அதே நீர் வம்பையும் கொண்டுவந்தது. டிரினிடாடில் கோகோ தோட்டங்களின் நிழல் மரங்களில் புரோமிலியாட்கள் அடர்ந்திருந்தன. அவற்றில் பெருகிய ஒருவகை அனோபிலிஸ் கொசு மலேரியாவைப் பரப்பியது. 1940-களில் காலின் பிட்டெண்டிரிக் இதை விரிவாக ஆராய்ந்தார். மரங்களின் மேல் துத்தக் கரைசல் தெளித்துச் செடிகளைக் கொன்றார்கள். பிரேசிலின் சான்டா கட்டரினாவில் கையாலேயே பறித்து எறிந்தார்கள். ஊர்களை ஒட்டிய காடுகளையும் வெட்டினார்கள். நோயைத் தடுக்க அன்று கிடைத்த வழி அது. கொசுவுக்காகச் செடி தண்டனை பெற்றது.

இன்றைய பெரிய ஆபத்து மருந்துத் தெளிப்பான் அல்ல, கோடரி. இந்தச் செடிகளுக்குப் பெயர்போன பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் எஞ்சியிருப்பது எட்டில் ஒரு பங்கு அளவுதான் என்கிறது ஒரு மதிப்பீடு. மரம் விழுந்தால் செடி விழும். செடி விழுந்தால் குளம் வற்றும். மரத்தைத் திரும்ப நட்டுவிடலாம். ஆனால் கிளைகள் தடித்து, பட்டை சொரசொரப்பாகி, விதைகள் பறந்து வந்து ஒட்டப் பல காலம் ஆகும்.

அழகுச்செடி வியாபாரம் இன்னொரு வினையைச் சேர்த்தது. மெக்சிகோவிலிருந்து விற்பனைக்கு வந்த செடிகளோடு ஒரு வண்டும் அமெரிக்காவின் புளோரிடாவுக்குள் நுழைந்தது. 1989-இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு செடியின் நடுக்குருத்தைத் தின்றுவிடும். உள்ளூர்க் காடுகளில் சாதாரணமாக இருந்த பெரிய புரோமிலியாட்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. நம் நகரங்களின் நர்சரிகளிலும் இந்தச் செடிகள் இப்போது விற்பனைக்கு இருக்கின்றன.

மனிதன் கை படாமல் அட்லாண்டிக் கடல் கடந்த இனம் ஒன்றே ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், பாறை இடுக்குகளில் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் பிட்கெய்ர்னியா ஃபெலிசியானா. இரு கண்டங்களும் ஒட்டியிருந்த காலத்து எச்சம் அல்ல அது. அவை பிரிந்தது பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தச் செடியின் மூதாதை ஆப்பிரிக்காவுக்குப் போனதோ சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன். எனவே விதை அட்லாண்டிக்கைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

2 கோடி ஆண்டுகளில் ஒரே ஒரு வெற்றிகரமான அட்லாண்டிக் பயணம். காடு போனால் இந்தக் குடும்பத்துக்கு ஓடி ஒளிய இன்னொரு கண்டம் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.