ஹாம்ஸ்டரும் அதன் குட்டிகளும்

ஆடும் கோழியும் இல்லாத முற்றம் நம் முன்னோர் ஊர்களில் அரிது. பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கோ இன்று முற்றமே இல்லை. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயமாயினும், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையருகே வாடகைக் குடித்தனமாயினும், இருப்பது ஓர் அறையும் ஓர் அடுக்களையுமே. ஆயினும் ஓர் உயிரை வளர்த்துப் பார்க்க வேண்டுமென்னும் ஆசை குழந்தைகளை விடுவதில்லை. அவ்வாசையின் பயனாகவே ஹாம்ஸ்டர் என்னும் சிற்றுயிர் சிறு கூண்டொன்றில் அமர்ந்து நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்துள்ளது.

வந்த சில நாட்களிலேயே அது குட்டி ஈனுவதுண்டு. கடையில் ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்தமையே அதற்குக் காரணம். குழந்தைகள் குதூகலிப்பர்; அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டுவர்; செந்நிறத் தசைத் துணுக்குகள் போன்ற குட்டிகளைக் கையிலெடுத்து முத்தமிடுவர். மறுநாட் காலையில் கூண்டை நோக்கினால் குட்டிகளுள் இரண்டொன்றைக் காணோம். தாயின் வாயிலோ குருதிக் கறை! “பெற்ற பிள்ளையைத் தின்னும் இது தாயா, பேயா?” என்று குழந்தை அழும்போது பெற்றோருக்கு விடை தெரிவதில்லை. அவ்விடையைக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஹாம்ஸ்டரில் குள்ள இனங்கள் சிலவும் உள. நாம் இங்குக் கூறுவது பொன்னிறமுடைய சிரிய இனத்தைப் பற்றியது. இதனை 1839-இல் வாட்டர்ஹவுஸ் என்னும் ஆங்கிலேய விலங்கியலார் முதன்முதல் விவரித்தார். பின்னர் நெடுங்காலம் இது அறிஞர் கைக்கு எட்டவில்லை. 1930-இல், காலா அசார் முதலிய நோய்களின் ஆராய்ச்சிக்கு இவ்விலங்கு வேண்டுமென எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவுல் அட்லர் விரும்பினார். அங்கேயே விலங்கியல் அறிஞராயிருந்த இஸ்ரேல் அகரோனி அதனைத் தேடிச் சிரியா நாட்டு அலெப்போ நகரை அடைந்தார். அந்நகரின் அருகே கோதுமை வயலொன்றைப் பல அடி ஆழம் தோண்டியபோது, வளையினுள் ஒரு தாயும் பதினொரு குட்டிகளும் அகப்பட்டன. அவற்றைப் பெட்டியிலிட்டதும், தன்னை அணுகிய முதற் குட்டியைத் தாய் கடித்துக் கொன்றது. ஏனைய குட்டிகளைக் காக்கும்பொருட்டுத் தாயை அகற்றிவிட்டு, அகரோனியும் அவர் மனைவியும் குட்டிகளுக்குக் கையாலேயே ஊட்டி வளர்த்தனர். சில தப்பியோடின, சில மாண்டன. எஞ்சியவற்றின் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களுள் ஏறத்தாழ அனைத்தும்.

அந்தத் தாய் பேயன்று. வளை இடிந்தது, வெளிச்சம் பாய்ந்தது, அறியாத மனிதரின் கை நெருங்கியது. குட்டிகளை இனிக் காக்கவியலாது என்ற அச்சம் மேலிடும்போது இவ்வினத்துத் தாய் அவ்வாறு செய்வது இயல்பு. பசியும், நீர் வேட்கையும், இடநெருக்கமும், குட்டிகள் மீது படிந்த வேற்று மணமும் அதே விளைவைத் தரும். நம் வீட்டில் நிகழ்வதும் இதுவே. நாம் அன்பு என்று எண்ணி நீட்டிய கை, அதன் கண்ணுக்கு வளையை இடித்த மண்வெட்டியாகத் தோன்றுகிறது.

ஆகவே முதற்கண் செய்ய வேண்டியது, ஆணைத் தனிக்கூண்டில் வைத்தல். விரைந்து பெருகும் இயல்புடையது இவ்வுயிர். கருக்காலமோ ஏறத்தாழப் பதினாறு நாட்களே. வயிறு பருக்கக் கண்டதும், பேறு காலத்திற்கு முன்னரே கூண்டைத் துப்புரவு செய்துவிடுதல் வேண்டும். மணமற்ற வெள்ளைத் தாளைக் கிழித்து நிறைய இடுக. தாயே அதனைக் கூடாக அமைத்துக் கொள்ளும். பஞ்சு இடலாகாது, அதன் இழை குட்டிகளின் காலைச் சுற்றி இறுக்கும், வயிற்றினுட் சென்றாலும் கேடு. கூண்டு இரண்டரை அடி நீளமேனும் உடையதாயிருத்தல் நன்று.

குட்டிகள் பிறந்தபின் பத்து நாள்வரை கூண்டுக்குள் கைநுழைத்தலும், கூட்டைக் கலைத்தலும், துப்புரவு செய்தலும் அறவே கூடா. தீனியும் நீரும் வைப்பதோடு நம் கடமை முடிந்தது. கம்பு, தினை, முளைகட்டிய பாசிப்பயறு ஆகியவற்றோடு, பாலூட்டும் தாய்க்கு வேகவைத்த முட்டையும் சிறிதளவு தருக. வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, நாரத்தை, சாக்லேட் ஆகியவை ஆகா. ஒரு குட்டி கூட்டுக்கு வெளியே கிடந்தால் பதறுதல் வேண்டா. பெரும்பாலும் தாயே கவ்விச் சென்றுவிடும். நெடுநேரம் அவ்வாறே கிடந்து குளிர்ந்துவிட்டால், கூட்டுத்தாளில் தேய்த்த கரண்டியால் மெல்ல எடுத்து உள்ளே விடலாம்.

கண்ணும் மூடி, மயிரும் இன்றிப் பிறந்த குட்டிகள் பத்தாம் நாளளவில் தாமே தீனியைக் கொறிக்கத் தொடங்கும். பதினான்கு, பதினைந்தாம் நாளில் கண் திறக்கும். மூன்று வாரத்திற்குமேல் பால் மறக்கும். நான்காம் வாரத்தில் ஆண் வேறு, பெண் வேறாகப் பிரித்துவிடுதல் வேண்டும். தாமதித்தால் உடன்பிறந்தவையே இனம் பெருக்கிவிடும். பின்னர் ஒவ்வொன்றுக்கும் தனிக்கூண்டு தேவை. வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டர் தன் இனத்தோடு சேர்ந்து வாழாது. சேர்த்தால் கடித்துக்கொண்டு மாளும்.

நம் வட்டாரத்தார் குறிப்பாக அறியவேண்டியது தட்பவெப்பம். 18 முதல் 24 டிகிரி வரையுள்ள வெப்பமே இவ்வுயிர்க்கு உகந்தது. பாலக்காட்டிலோ கோடையில் 40 டிகிரியைக் கடப்பதுண்டு. 2024 ஏப்ரலில் அம்மாவட்டத்திற்கு வெப்ப அலை எச்சரிக்கையே விடுக்கப்பட்டது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் தகரக் கூரையின் கீழ்க் கூண்டை வைப்பது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். வெயில் படாத அறையில் தரையிலேயே கூண்டை வைத்து, உள்ளே சிறு மண்கலயம் ஒன்றைச் சாய்த்து வைத்தால் அது அதனுட் புகுந்து குளிரும். சன்னலில் ஈரச்சாக்குத் தொங்கவிடலாம். விலங்கின்மீது நீர் தெளிக்கலாகாது.

மூணாறு, தேவிகுளம் பக்கங்களிலோ இடர் இதற்கு மாறானது. மார்கழி, தையில் உறைபனி படியும் அவ்விடங்களில், வெப்பம் 5 டிகிரிக்குக் கீழ் இறங்கினால் ஹாம்ஸ்டர் சுருண்டு, குளிர்ந்து, மூச்சும் தெரியாதபடி உறங்கிவிடும். இறந்ததென்று எண்ணி உடனே புதைத்துவிடாதீர்கள். வெதுவெதுப்பான அறையில் ஓரிரு மணிநேரம் வைத்துப் பாருங்கள். மீசை அசைவதைக் காணலாம். அடுப்பருகே வைத்துச் சட்டெனச் சூடேற்றுதலும், புகைபடுமாறு வைத்தலும் தீங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூண்டைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊருக்குப் பேருந்து ஏறுவோர் உண்டு. அண்டை வீட்டாரிடம் சொல்லி வைப்பின் ஓர் உயிர் பிழைக்கும். பெருகிய குட்டிகளைத் தேயிலைச் சரிவிலோ வயலோரத்திலோ விட்டுவிடுதலும் அருளன்று. பாம்புக்கும் பூனைக்கும் குளிருக்கும் அவற்றைப் பலியிடுதலே ஆகும். வளர்க்க விரும்புவோர், மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்ற கடையில், ஆணா பெண்ணா என்று கேட்டறிந்து, ஒன்றே ஒன்றை வாங்குவது நலம். 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் அத்தகைய பதிவைக் கட்டாயமாக்கியுள்ளன.

இரண்டாண்டளவே வாழும் சிற்றுயிர் இது. ஆயினும் குழந்தைக்கு அது கற்பிக்கும் பாடம் பெரிது. எடுத்துக் கொஞ்சுவது மட்டுமே அன்பன்று. எடுக்காமல் காத்திருப்பதும் அன்பே. அறிமுகமற்ற மண்ணில், துணைக்கு ஒருவருமின்றிப் பிள்ளை பெற்றெடுத்த நம் தாய்மார்க்கு இது புதிதன்று. அன்று அவர்கள் வேண்டியதெல்லாம் ஒரு வாய் உணவு, சிறிது வெதுவெதுப்பு, கலையாத அமைதி. கூண்டினுள் இருக்கும் தாயும் அதனையே வேண்டுகிறது. அந்தப் பத்து நாள் அமைதியை அதற்கு அளிப்போமாக!