மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானம்



உல்லாஸ்நகரிலிருந்து மும்பை லோக்கல் ரயில் பிடித்து, தாதரில் மேற்கு ரயில் பாதைக்கு மாறி, மகாலட்சுமியில் இறங்கினால், கட்டடக் காட்டுக்கு நடுவே ஒரு பச்சை வெளி தெரியும். அதுதான் 1883இல் உருவான குதிரைப் பந்தய மைதானம். அதற்கு முன் பந்தயங்கள் பைகுல்லாவில்தான் நடந்தன.

இங்கே ஓடுவது சவாரிக் குதிரைகள். வண்டி பூட்டிய குதிரைகளுக்கும் வெளிநாடுகளில் தனிப் பந்தயத் தடங்கள் உண்டு. அங்கே ஒரு வேடிக்கை: குதிரை தாளம் தவறாமல் ஓட வேண்டும், நாலுகால் பாய்ச்சலுக்கு மாறினால் குற்றம்! நம் ஊர் ரேக்ளாக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பம்பாயின் வண்டிக் குதிரைகளோ பந்தயத் தடத்தில் அல்ல, தெருவில்தான் ஓடின. அவை இழுத்த ‘விக்டோரியா’ வண்டிகளும் சட்டவிரோதம் என்று 2015இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மகாலட்சுமியில் முதல் இந்திய டெர்பி 1943இல் நடந்தது. 2,400 மீட்டர் ஓடி வென்றது ‘பிரின்சஸ் பியூட்டிஃபுல்’ என்ற பெண் குதிரை. உரிமையாளர் பரோடா மகாராஜா.

இந்த மைதான நிலத்தில் 120 ஏக்கரைப் பொதுப் பூங்காவுக்காக மாநகராட்சிக்கு ஒதுக்க, 2024இல் மாநில அரசு முடிவெடுத்தது.