பழைய மோட்டார் சைக்கிளும் ஆண்டுப் பரிசோதனையும்

சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிள் பலருக்குப் பிழைப்புக்கு உதவும் கருவி. உணவுப் பொட்டலங்களைக் கொண்டுசேர்ப்பவர்களும், பேருந்தும் ரயிலும் ஓடாத வேளையில் வேலைக்குச் செல்பவர்களும் அதையே நம்பியிருக்கின்றனர். காரில் செல்பவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே, வாகனத்தின் சிறு குறைகூட அவர் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

இதனைக் கருத்தில் கொண்டே சட்டம் சில விதிமுறைகளை வகுத்துள்ளது. பதிவு செய்து மூன்று ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிள்களை ஆண்டுதோறும் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையங்களில் இது நடைபெறுகிறது. பரிசோதனையில் தேர்ச்சியும் செல்லுபடியாகும் காப்புறுதியும் இருந்தால்தான் சாலை வரியைப் புதுப்பிக்க முடியும்.

பழைய வாகனத்தைப் பரிசோதனைக்குத் தயார்ப்படுத்தும்போது முதலில் கவனிக்க வேண்டியது பிரேக். பிரேக் பிடித்தவுடன் வாகனத்தின் எடை முன்பக்கம் சாய்வதால், வாகனத்தை நிறுத்துவதில் முன்சக்கர பிரேக்குக்கே பெரும்பங்கு உண்டு. பிரேக் பேடுகள் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்ற வேண்டும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் கலந்த திரவம் சூடேறும்போது அதில் நீராவிக் குமிழ்கள் தோன்றுகின்றன. பிறகு பிரேக் பிடியை எவ்வளவு அழுத்தினாலும் அது இறுகாது. நம் நாட்டின் ஈரப்பதம் மிகுந்த பருவநிலையில், உற்பத்தியாளர் குறிப்பிட்ட கால இடைவெளியில் இந்தத் திரவத்தை மாற்றுவது மிகவும் அவசியம்.

அடுத்தது டயர். டயரின் பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றிச் சக்கரம் சாலையைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. அவற்றின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் டயர் பழையதாக இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். எடுத்துக்காட்டாக, 2319 என்று இருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்று பொருள். வெயிலில் நிறுத்தப்படும் வாகனங்களின் டயர்களில் நாளடைவில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். அத்தகைய டயரைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது.

விளக்குகளைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சுவரருகே வாகனத்தை நிறுத்திப் பார்த்தாலே போதும். முன்விளக்கு, பின்விளக்கு, திசைகாட்டும் விளக்குகள் ஆகிய அனைத்தும் எரிய வேண்டும். முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் தனித்தனியே அழுத்தி, ஒவ்வொரு முறையும் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பலர் ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு மற்றதை மறந்துவிடுகின்றனர். ஒலிப்பான் ஒலிக்க வேண்டும். எண் பலகை தெளிவாகத் தெரிய வேண்டும்.

பிறகு அசையும் பாகங்களைக் கவனிக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கைப்பிடியை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பினால், அது தடையின்றித் திரும்ப வேண்டும். நடுவில் சிக்குவதுபோல் தோன்றினால், உள்ளே உள்ள தாங்கு உருளைகள் தேய்ந்திருக்கக்கூடும். முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களில் எண்ணெய் கசிந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். ஏனெனில், அந்த எண்ணெய் வழிந்து பிரேக்கில் பட்டால் பிரேக் வழுக்கிவிடும். சங்கிலி அளவுக்கு மீறித் தொய்ந்தாலும் இறுகினாலும் கேடுதான். சரியான அளவு வாகனத்தின் கையேட்டில் இருக்கும்.

பழைய வாகனங்கள் பல தடுமாறும் இடம் புகைப் பரிசோதனை. காற்று வடிகட்டியில் தூசு அடைத்துக்கொண்டால், இயந்திரத்திற்குப் போதிய காற்று கிடைக்காது. அதனால் எரிபொருள் முழுமையாக எரியாமல், நச்சுத்தன்மை கொண்ட கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வெளியேறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இதை ஓரளவு அறியலாம். அதன் முனை வெளிர்பழுப்பாக இருந்தால் எரிதல் சீராக உள்ளது. கரி படிந்து கறுத்திருந்தால், கார்புரேட்டரையும் காற்று வடிகட்டியையும் கவனிக்க வேண்டும்.

மாசைக் குறைக்கும் நோக்கத்துடன், 2003ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதிக்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள், பொதுவாக 2028ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதிக்குப் பிறகு சாலையில் ஓட அனுமதிக்கப்படமாட்டா. ஆகவே, மிகப் பழைய வாகனத்திற்குப் பெருஞ்செலவு செய்யும் முன் உரிமையாளர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிலர் பேரிரைச்சல் எழுப்பும் புகைபோக்கியைப் பொருத்திக்கொண்டு, பரிசோதனை நாளில் மட்டும் பழையதை மாட்டிச் செல்வதுண்டு. சான்றிதழ் கிடைத்ததும் மீண்டும் மாற்றிவிடுகின்றனர். தேய்ந்த டயருக்குப் பதிலாக நண்பரின் டயரை இரவல் வாங்குவோரும் உண்டு. அனுமதியற்ற மாற்றங்கள் சட்டப்படி குற்றமாகும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பரிசோதகர் வாகனத்தைப் பார்ப்பது ஆண்டில் ஒரு நாள்தான். எஞ்சிய 364 நாள்களும் அந்த வாகனத்தை நம்பிச் செல்பவர் அதன் உரிமையாளரே. ஏமாறுபவரும் அவரே.

எனவே, இந்த வேலைகளைக் கடைசி நாளுக்கு ஒத்திவைக்காமல், சில வாரங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது. பழுது தெரிந்தால் உதிரிபாகம் வாங்கவும் திறமையான பழுதுபார்ப்பவரை நாடவும் நேரம் இருக்கும். பரிசோதனையில் தவறினாலும் மனம் தளரத் தேவையில்லை. குறையைச் சரிசெய்து மீண்டும் பரிசோதனைக்குச் செல்லலாம். எந்தப் பாகத்தில் குறை என்பது சாலையில் தெரிவதைவிடப் பரிசோதனை நிலையத்தில் தெரிவதே மேல். அங்கே இழப்பது சிறிது பணமும் நேரமும் மட்டுமே.